பொம்மை மோட்டாரில் ஒட்டியிருக்கும் கண்டன்சர் யாருக்காக?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனின் ரிமோட் கார் ஒன்றைப் பழுது பார்ப்பதற்காகப் பிரித்திருக்கிறார். இரண்டு பென்டார்ச் பேட்டரியில், அதாவது 3 வோல்ட்டில், ஓடும் கார் அது. மோட்டாரின் இரு முனைகளிலும் உறையிலுமாக, 104 என்று எண் அச்சிட்ட மூன்று சிறு வட்டத் துண்டுகள், அதாவது கண்டன்சர்கள், பற்றவைக்கப்பட்டிருந்தன. அவற்றை வெட்டி எடுத்த பிறகும் மோட்டார் முன்போலவே ஓடியது. மோட்டாருக்குப் போகும் கம்பியில் இருந்த, பழுப்பு, கருப்பு, கருப்பு வளையங்கள் கொண்ட பச்சை நிற ரெசிஸ்டரை எடுத்ததும் ஓட்டம் நின்றுபோனது. வளையங்களைப் படித்துக் கணக்கிட்டு, கடையில் 10 ஓம் ரெசிஸ்டர் வாங்கிப் பொருத்தினார். சக்கரங்களைத் தூக்கிப் பிடித்தால் சோம்பலாகச் சுற்றிய கார், தரையில் வைத்ததும் நின்றுவிட்டது. ரெசிஸ்டரோ தொட முடியாத அளவுக்குச் சுட்டது. கடைசியில் கம்பியை நேராக இணைத்துவிட்டார். கார் ஓடுகிறது, ஆனால் ரிமோட் இப்போது இரண்டு மூன்று அடிக்கு மேல் வேலை செய்வதில்லை என்று கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். பொம்மை மோட்டாரில் ரெசிஸ்டரும் கண்டன்சரும் என்ன வேலை செய்கின்றன என்பதுதான் அவர் கேட்டது. ஆனால், எடுத்தாலும் ஓடுகிற ஒன்றை எதற்கு வைத்தார்கள், அதே இடத்தில் இருந்த இன்னொன்றை எடுத்தால் மட்டும் ஏன் நின்றது என்பதே அவரைக் குழப்புவதாக நான் புரிந்துகொள்கிறேன்.

விடைக்கான திறவுகோல் அவருடைய அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஓர் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு மின்னணுவியல் செய்முறை சொல்லிக்கொடுத்தும், வீட்டில் பழைய வானொலிகளைப் பழுது பார்த்தும் கழிந்த ஆண்டுகளில் நான் பலமுறை கண்டது இது: இந்தக் கண்டன்சர்கள் மோட்டாருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. மோட்டாரைச் சுற்றியுள்ள மற்றக் கருவிகளை மோட்டாரிடமிருந்து காப்பாற்றுவதே அவற்றின் வேலை. அப்படிக் காப்பாற்றப்பட வேண்டியவற்றுள் முதலாவது, அந்தக் காருக்குள்ளேயே இருந்து ரிமோட்டின் அலையை வாங்கும் ஏற்பி.

காரணத்தை மோட்டாருக்குள் பார்க்கலாம். இத்தகைய கார்களில் பெரும்பாலும் இருப்பது, 130 என்ற அளவுப் பெயரால் உலகம் முழுவதும் அறியப்படும் சிறு டிசி மோட்டார். எஃகு உறைக்குள் இரண்டு நிலைக்காந்தங்கள், நடுவில் மூன்று சுருள்கள் சுற்றிய, சுழலும் பகுதியான ஆர்மேச்சர், அதன் அச்சில் மூன்று துண்டுகளாகப் பிளந்த செம்பு வளையம், அதாவது கம்யூட்டேட்டர், அதன்மீது இருபுறமும் உரசியபடி இரண்டு பிரஷ்கள். ஆர்மேச்சர் ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு பிரஷும் மூன்று இடைவெளிகளைக் கடக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆறு முறை சுருள்களில் மின்னோட்டம் மாற்றிவிடப்படுகிறது. இந்த மோட்டார் சுமையில்லாமல் 1.5 வோல்ட்டிலேயே நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 சுற்றுகள், அதாவது நொடிக்கு 150 சுற்றுகள் ஓடக்கூடியது. அப்படியானால் நொடிக்கு 900 முறை ஒரு சுவிட்ச் போட்டு அணைக்கப்படுகிறது என்று பொருள். சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், அதன் மின்தூண்டல் அந்த ஓட்டத்தை விட மறுத்து, பேட்டரியின் மின்னழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தை அந்தக் கணத்தில் எழுப்பி, விலகும் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது. இருட்டறையில் மோட்டாரை ஓட்டி, காற்றுத்துளை வழியாகப் பார்த்தால் நீல நிறத்தில் மினுக்குவது இந்தப் பொறிதான்.

பொறி என்றால் வானொலி அலை. ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியது இரண்டு உலோகக் குண்டுகளுக்கிடையே பாய்ந்த பொறியைக் கொண்டுதான். முதல் உலகப் போர்க் காலம் வரை கப்பல்களின் கம்பியில்லாத் தந்தி பெரும்பாலும் பொறியை நம்பியே இயங்கியது. பொம்மை மோட்டாரும் அறியாமலே அத்தகைய ஒரு சிறு ஒலிபரப்பி. மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளும் அதன் ஆண்டெனா. அது ஓர் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்புவதில்லை. நடுவலை வானொலியிலிருந்து பத்துக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இரைகிறது. வீட்டில் மிக்ஸி ஓடும்போது வானொலி கரகரப்பதும், பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படத்தின் குறுக்கே புள்ளிகள் ஓடியதும் இதே காரணத்தால்தான். மிக்ஸியின் மோட்டாரும் கார்பன் பிரஷ் கொண்டது. விலை குறைந்த ரிமோட் கார்களில் வெகுகாலமாகப் பயன்பட்டு வருவது 27 மெகாஹெர்ட்ஸ். அதன் ஏற்பி மிக எளிமையானது. கையிலிருக்கும் ரிமோட்டிலிருந்து வரும் மெலிந்த அலையைவிட, நான்கு அங்குலத்துக்குள் இரைந்துகொண்டிருக்கும் மோட்டார் அதற்கு மிகப் பலமாகக் கேட்கும். அருகில் போனால் ரிமோட்டின் குரல் ஓங்குகிறது, விலகினால் மோட்டாரின் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. இரண்டு மூன்று அடி எல்லை அப்படி வந்ததாகவே நான் கருதுகிறேன்.

இனி அந்த 104. முதல் இரண்டு எண்கள் 10, மூன்றாம் எண் அதன்பின் போட வேண்டிய சுழிகளின் எண்ணிக்கை, அலகு பிகோபாரட். ஆக 1,00,000 பிகோபாரட், அதாவது 0.1 மைக்ரோபாரட். பேட்டரியின் டிசி மின்சாரத்துக்கு இது துண்டித்த கம்பிக்குச் சமம். அதனால்தான் வைத்தாலும் எடுத்தாலும் மோட்டாரின் வேகத்தில் வேறுபாடு தெரியவில்லை. அதிர்வெண் ஏற ஏற அதன் மறுப்பு, அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு, குறைந்துகொண்டே போகிறது. 27 மெகாஹெர்ட்ஸில் ஏட்டுக் கணக்குப்படி அது ஓர் ஓமில் பதினேழில் ஒரு பங்குதான். பொறியிலிருந்து எழும் இரைச்சல், கம்பி வழியாக வெளியே போகாமல், பிறந்த இடத்திலேயே இந்தக் குறுக்குவழியில் சுற்றி அடங்கிவிடும். இரு முனைகளுக்கும் இடையே ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் உறைக்கும் இடையே ஒவ்வொன்று என மூன்று வைப்பதற்கும் காரணம் உண்டு. இரைச்சலின் ஒரு பகுதி இரு கம்பிகளிலும் எதிரெதிராக ஓடுகிறது, இன்னொரு பகுதி இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடுகிறது. முதல் வகையை முனைகளுக்கு இடையில் உள்ள கண்டன்சர் அடக்கும். இரண்டாம் வகையை உறைக்குத் திருப்பிவிடும் மற்ற இரண்டும்தாம் அடக்க முடியும்.

இங்கே ஏட்டுக் கணக்கு முழு உண்மை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கண்டன்சரின் கால்களுக்கும் மின்தூண்டல் உண்டு. தோராயமாக ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்று கொள்ளலாம். இரண்டு கால்களும் சேர்ந்து 10 மில்லிமீட்டர் நீளம் இருந்தால், 104 கண்டன்சர் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில் தன் ஆற்றலின் உச்சத்தை எட்டி, அதற்கு மேல் கண்டன்சராக அல்லாமல் சுருளாகவே நடந்துகொள்ளத் தொடங்கும். 27 மெகாஹெர்ட்ஸில் அதன் மறுப்பு பதினேழில் ஒரு பங்கு அல்ல, ஒன்றரை ஓமுக்கு மேல். ஆகவே மீண்டும் பற்றவைக்கும்போது கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டி, மோட்டாரின் முதுகிலேயே வைத்துப் பற்றவைக்க வேண்டும். கால்களை நீட்டிவிட்டு, சர்க்யூட் பலகையின் ஓரத்தில் வசதியாகப் பொருத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. அப்படி வைத்தால் இரைச்சல் பலகை வரை பயணம் செய்துவிட்ட பிறகு அதைத் தடுக்க முயல்வதாகிவிடும்.

கண்டன்சர் என்ற சொல்லே இன்னொரு மயக்கத்தை உண்டாக்குகிறது. மின்விசிறி சுற்றாவிட்டால் கண்டன்சர் போய்விட்டது என்கிறோம். மாற்றியதும் சுற்றுகிறது. அது ஏசியில் ஓடும் தூண்டல் மோட்டார். ஒற்றைக் கட்ட மின்சாரத்திலிருந்து இரண்டாவது சுருளுக்கு முன்பின்னான ஓட்டம் ஒன்றை உண்டாக்கி, சுழலும் காந்தப்புலத்தைப் பெறுவதற்கு அங்கே கண்டன்சர் இன்றியமையாதது. கூரை விசிறியில் அது வழக்கமாக 2.5 மைக்ரோபாரட் இருக்கும். பொம்மை மோட்டாரில் அந்தத் திசைமாற்றத்தைக் கம்யூட்டேட்டரே செய்துவிடுகிறது. எனவே பெரிய கண்டன்சர் போட்டால் மோட்டார் வலுவாக ஓடும் என்று எண்ணிப் போடுவதில் பயன் இல்லை. எலக்ட்ரோலிடிக் கண்டன்சரை மோட்டார் முனைகளில் போடுவது ஆபத்தும்கூட. அதற்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. கார் பின்னோக்கிப் போகும்போது முனைகள் மாறும், அப்போது அது சூடேறி வெடிக்கக்கூடும். குழந்தை கையில் வைத்திருக்கும் பொருளில் இதைச் செய்யவே கூடாது. எலக்ட்ரோலிடிக்குக்கு உரிய இடம் ஏற்பிப் பலகையில் பேட்டரி வந்து சேரும் பக்கம். மோட்டார் புறப்படும் கணத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து ஏற்பி மயங்கிவிடாமல் 100 முதல் 470 மைக்ரோபாரட் வரையிலான ஒன்று அங்கே தாங்கிப் பிடிக்கும்.

இப்போது அந்தப் பச்சை நிறத் துண்டுக்கு வருகிறேன். அவர் அனுப்பிய படத்தைக் கொண்டு மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், விவரங்கள் அனைத்தும் ஒன்றையே சுட்டுகின்றன: அது ரெசிஸ்டர் அல்ல, சோக் எனப்படும் மின்தூண்டி. சிறிய சோக்குகள் ரெசிஸ்டர் போன்ற உடலிலேயே, அதே வண்ண வளையங்களோடு வருகின்றன. உடல் பெரும்பாலும் பச்சை. பழுப்பு, கருப்பு, கருப்பு என்றால் ரெசிஸ்டரில் 10 ஓம், சோக்கில் 10 மைக்ரோஹென்றி. வளையங்களை அவர் சரியாகவே படித்தார், அலகுதான் மாறிவிட்டது. இந்தத் தவறை அனுபவமுள்ளவர்களும் செய்வதுண்டு, அதற்காக வருந்த வேண்டியதில்லை. சோக்கின் குணம் கண்டன்சருக்கு நேர் எதிரானது. டிசிக்கு அது வெறும் செம்புக் கம்பி, மறுப்பு வழக்கமாக ஓர் ஓமுக்கும் குறைவு. 27 மெகாஹெர்ட்ஸுக்கோ 10 மைக்ரோஹென்றி என்பது ஏட்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,700 ஓம். கண்டன்சர் இரைச்சலுக்கு வழி திறந்து உள்ளேயே திருப்புகிறது, சோக் வெளியே போகும் வாசலை அடைக்கிறது. இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள். சோக் கம்பித் தொடரில் இருப்பதால் எடுத்தால் மோட்டார் நிற்கும். கண்டன்சர் குறுக்கே இருப்பதால் எடுத்தாலும் ஓடும். அவருடைய குழப்பத்துக்கு இதுவே விடை.

10 ஓம் ரெசிஸ்டர் செய்ததையும் கணக்காகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பொம்மை மோட்டாரில் ரெசிஸ்டர் எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பது அதில்தான் விளங்குகிறது. 130 வகை மோட்டார்களில் பரவலான ஒன்று, 1.5 வோல்ட்டில் சுமையில்லாமல் ஏறத்தாழ 0.2 ஆம்பியரும், அச்சைப் பிடித்து நிறுத்தினால் 2.2 ஆம்பியரும் இழுக்கும். 1.5-ஐ 2.2-ஆல் வகுத்தால் சுருளின் மறுப்பு 0.7 ஓம் அளவில் வரும். 3 வோல்ட்டில், பேட்டரியின் உட்தடையைச் சேர்க்காமல் பார்த்தால், நின்ற நிலையில் 4 ஆம்பியருக்கு மேல் பாயும். கார் தரையில் நகரத் தொடங்குவது அந்தத் தொடக்க ஓட்டத்தின் வலுவில்தான், ஏனெனில் மோட்டாரின் திருப்புவிசை மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 10 ஓம் சேர்த்ததும் மொத்த மறுப்பு 10.7 ஓம், அதிகபட்ச ஓட்டம் 0.28 ஆம்பியர். திருப்புவிசை பதினைந்தில் ஒரு பங்காகிவிட்டது. சக்கரம் அந்தரத்தில் இருந்தபோது வேண்டிய 0.2 ஆம்பியர் கிடைத்தது, சோம்பலாகச் சுற்றியது. தரையில் வைத்ததும் தேவைப்பட்டது கிடைக்கவில்லை. அப்படி நின்ற நிலையில் ரெசிஸ்டர் ஏறத்தாழ 0.8 வாட்டை வெப்பமாக்கிக்கொண்டிருந்தது. கடையில் கேட்காமலே தரும் ரெசிஸ்டர் கால் வாட் வகை. தன் அளவைப் போல மூன்று மடங்கு வெப்பத்தைச் சுமந்ததால்தான் சுட்டது.

ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு வேகத்தைக் குறைப்பது புதிய யோசனை அல்ல. 1957-இல் பிரிட்டனில் அறிமுகமான ஸ்கேலெக்ஸ்ட்ரிக் போன்ற தடப் பந்தயக் கார்களின் கைவிசை பல ஆண்டுகள் ஒரு கம்பிச்சுற்று ரெசிஸ்டராகவே இருந்தது. 1980களின் ஜப்பானிய ரிமோட் கார்களிலும் சர்வோ எனும் கட்டளைக்கேற்ப நகரும் சிறு மோட்டார் ஒன்று தொடுமுனையை நகர்த்தி ரெசிஸ்டரின் வழியே வேகத்தைப் படிப்படியாக மாற்றியது. அந்த ரெசிஸ்டர் பீங்கான் உறை போட்டது, ஓட்டம் முடிந்ததும் அதைத் தொட வேண்டாம் என்று பழகியவர்கள் சொல்லுவார்கள். இந்த முறையின் குறை வெப்பம் மட்டுமல்ல. மேட்டில் ஏறும்போது மோட்டாருக்கு அதிக ஓட்டம் தேவை. ஓட்டம் கூடியதும் ரெசிஸ்டர் விழுங்கும் மின்னழுத்தமும் கூடும். வலு வேண்டிய அதே நேரத்தில் மோட்டாருக்குக் கிடைப்பது குறைகிறது. பொம்மை ரயில் மெதுவாகப் புறப்பட மறுத்து, பிறகு திடீரென்று பாய்வதும் இதனால்தான்.

வேகத்தைக் குறைப்பதே நோக்கம் என்றால், ரெசிஸ்டருக்குப் பதிலாக, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு ஒன்றைத் தொடரில் போடுவது மேல். ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் அது எடுத்துக்கொள்வது 0.7 முதல் 1 வோல்ட்டுக்குள்தான். 4007 எண் டையோடு ஓர் ஆம்பியருக்குரியது, இங்கே 3 ஆம்பியர் தாங்கும் 5408 தேவை. பின்னோக்கியும் போகும் காரானால் எதிரெதிர்த் திசையில் இரண்டை ஒன்றுக்கொன்று இணையாகப் போட வேண்டும். இன்னும் சரியான வழி, மாஸ்ஃபெட் எனும் மின்னணுச் சுவிட்ச் ஒன்றால் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டுத் தருவது. ரெசிஸ்டருக்கு நியாயமான வேலை அங்கேதான் இருக்கிறது. ஆர்டுயினோ போன்ற, நிரலால் இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகை இப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மாஸ்ஃபெட்டின் கட்டளை வாங்கும் முனையான கேட் அந்தரத்தில் நின்று மோட்டார் தானாக ஓடிவிடாதபடி, கேட்டிலிருந்து எதிர்முனைக்கு 10 கிலோ ஓம் ஒன்று. கேட்டுக்குப் போகும் வழியில் 100 ஓம் அளவில் ஒன்று. இவை வழியே மோட்டாரின் மின்னோட்டம் போவதில்லை, கட்டளை மட்டுமே போகிறது, எனவே கால் வாட் தாராளம். இந்த முறையில் மோட்டார் முனைகளில் உள்ள கண்டன்சரை 0.1 மைக்ரோபாரட்டுக்கு மேல் கூட்டக் கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் அதை நிரப்பும் சுமை மாஸ்ஃபெட்டின் தலையில் விழும்.

தோற்றத்தால் ஏமாற்றும் இன்னொரு துண்டையும் எச்சரித்துவிடுகிறேன். பேட்டரிக் கம்பியில் மஞ்சள் நிறத்தில், 104-ஐவிடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய வட்டு ஒன்று இருந்தால் அதைக் கண்டன்சர் என்று எண்ணி வெட்ட வேண்டாம். அது பெரும்பாலும் தானே மீளும் பியூஸ். உண்மையில் அது ஒரு ரெசிஸ்டர்: குளிர்ந்த நிலையில் ஓர் ஓமுக்கும் குறைவு, சக்கரம் சிக்கி மோட்டார் நின்று ஓட்டம் எல்லை மீறினால் சூடேறித் தன் மறுப்பைப் பல மடங்கு உயர்த்திக்கொள்ளும், ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். மோட்டாரும் கம்பியும் கருகாமல் காப்பது அது. பலகையிலிருந்து ஒரு காலைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். கண்டன்சர் எதையும் காட்டாது, பியூஸும் சோக்கும் சுழிக்கு அருகில் காட்டும், ரெசிஸ்டர் தன் மதிப்பைக் காட்டும். மோட்டாரோடு இணைந்திருக்கும்போது அளந்தால் சுருளின் மறுப்பே தெரியும், அந்த அளவீட்டை நம்ப வேண்டாம்.

சில நல்ல மோட்டார்களில் கம்யூட்டேட்டரை ஒட்டியே வளையம் போன்ற ஒரு பாகம் இருக்கும். மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது மட்டும் கடத்தும் வாரிஸ்டர் அது. பொறி பிறக்கும் இடத்திலேயே அதை மழுக்குவதால் பிரஷும் செம்பும் தேய்வது குறைகிறது. வெளியே ஒட்டிய 104 கண்டன்சருக்கும் இந்தப் பலன் உண்டு என்று சிலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். துண்டிக்கப்படும் சுருளுக்கு அருகில் அது இல்லை. பயன் இருந்தால் சிறிதளவே இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. 104 என்று அச்சிட்ட, 50 வோல்ட் செராமிக் கண்டன்சர் மூன்று வாங்குங்கள். ஒன்றின் விலை சில ரூபாய்தான். மோட்டார் உறையில் இரண்டு புள்ளிகளை அரத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கினால்தான் ஈயம் ஒட்டும். சூடுகோலை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள், பிரஷைத் தாங்கும் பிளாஸ்டிக் மூடி இளகிவிடும். சோக்கைத் தூக்கி எறியவில்லை என்றால் அதையே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். தொலைந்திருந்தால் 10 மைக்ரோஹென்றி என்று கேட்டு, குறைந்தது ஓர் ஆம்பியர் தாங்கும் தடித்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். முடித்ததும், வீட்டில் பழைய நடுவலை வானொலி இருந்தால், நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஓர் அடி தள்ளி மோட்டாரை ஓட்டிக் கேளுங்கள். கண்டன்சர் போடுவதற்கு முன்பும் இதே சோதனையைச் செய்து வைத்திருந்தால், இரைச்சல் எவ்வளவு தணிந்தது என்பது காதாலேயே தெரியும். தணிந்த பிறகும் ரிமோட் எட்டவில்லை என்றால் குறை மோட்டாரில் இல்லை. அறுந்த ஆண்டெனாக் கம்பி, ரிமோட்டின் தளர்ந்த பேட்டரி, இவ்விரண்டையும் அதன்பின் பாருங்கள்.